அயலூர் அடுக்களையும் ஒரு குறிப்பேடும்

பிழைப்பின் பொருட்டுத் தில்லிக்கோ மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ குடிபெயரும் தமிழர், தம்முடன் எடுத்துச் செல்லும் சாமான்கள் இன்னவை என்பதை நேயர்கள் அறிவார்கள். இட்லித் தட்டு, காப்பி வடிகட்டும் பில்டர், ஒரு வருஷத்துப் புளி, மோர்மிளகாய், அம்மா பக்குவமாக இடித்துத் தந்த சாம்பார்ப் பொடி. ரயிலில் எத்தனை மூட்டை ஏற்றினாலும் ஒன்று மட்டும் ஊரிலேயே தங்கிவிடுகிறது. என்ன உண்பது, எப்போது உண்பது, எவ்வளவில் நிறுத்துவது என்பது பற்றி வீட்டில் நிலவிவந்த எழுதாச் சட்டமே அது. இரவில் கீரை ஆகாது. அமாவாசையன்று வெங்காயம் கிடையாது. மோர் சாதத்துக்குப் பிறகு வேறொன்றும் கேட்கக் கூடாது. இவற்றுள் சில விஞ்ஞானத்தின் முன் நிற்கும், சில நிற்கமாட்டா. ஆயினும் யாவும் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்துவந்தன. உண்பவன் வேளைதோறும் யோசித்து முடிவு செய்ய வேண்டிய அவசியமின்றி, ஒரு முறை தானாக நடந்தது.

அயல் மாநிலத்தில் அந்த முறை அறுந்துவிடுகிறது. காலையில் அவசரமாக இரண்டு துண்டு ரொட்டி. பதினோரு மணிக்கு அலுவலகத்தில் சர்க்கரை தாராளமாக இட்ட தேநீர். பகலில் சோலே பட்டூரா. மாலையில் யாரோ ஒருவர் பதவி உயர்வு பெற்றதற்காகச் சமோசாவும் ஜிலேபியும். இரவில், இன்று சரியாக ஒன்றுமே சாப்பிடவில்லை என்ற நினைவுடன் வயிறாரச் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊர் ஏக்கம் தீர வடை பாயசத்தோடு விருந்து. வடக்கத்திய உணவும் குற்றமுடையதன்று, தென்னாட்டு உணவும் குற்றமுடையதன்று. இரண்டின் கனமான பகுதிகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டதே நம்மில் பலருக்கு வந்த வினை.

இதன் விளைவு சிறிதன்று. 2021-ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் நீரிழிவு உடையோர் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு கணக்கிட்டு, 2023-இல் வெளியிட்டது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட மத்திய அரசு ஊழியர் பத்துப் பேர் கூடுமிடத்தில் பேச்சு பதவி உயர்வில் தொடங்கி இரத்தச் சர்க்கரையில் முடிவதை நான் பன்முறை கேட்டிருக்கிறேன்.

ஆண்டுப் பிறப்பன்று நம்மவர் செய்துகொள்ளும் தீர்மானங்களைக் கவனித்தால் மூன்று திரும்பத் திரும்ப வரும். அளவோடு உண்ண வேண்டும் என்பது ஒன்று. தினந்தோறும் நடக்க வேண்டும் என்பது மற்றொன்று. மூன்றாவதைப் பலர் வெளியே சொல்வதில்லை: தமிழில் ஏதாவது எழுத வேண்டும், எழுத்துப் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க வேண்டும். இம்மூன்றையும் தனித்தனியே தொடங்கினால் மூன்றும் தனித்தனியே கைவிடப்படுகின்றன. மூன்றையும் ஒரே குறிப்பேட்டில் கட்டிப்போட முடியும் என்பதையே இங்கே விளக்க விரும்புகிறேன். ஊரில் எழுதாச் சட்டம் செய்த காரியத்தை அயலூரில் எழுதிய ஏடுதான் செய்ய வேண்டியிருக்கிறது.

இதை முன்னரே செய்து காட்டிய ஒருவரை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் இந்தக் கோணத்தில் அவரை நினைப்பதில்லை. 1888-ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாயில் கப்பலேறி லண்டன் சென்ற மோகன்தாஸ் காந்திக்கு அப்போது வயது பதினெட்டு. மாமிசம் தொடுவதில்லை என்று தாயிடம் வாக்குக் கொடுத்திருந்தார். தங்கிய வீடுகளில் கிடைத்த உப்புச் சப்பற்ற வேகவைத்த காய்களும் சில ரொட்டித் துண்டுகளும் அவருக்குப் போதவில்லை. மேலும் கேட்கக் கூச்சம். பாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவு விடுதியைக் கண்டபிறகே வயிறு நிறைந்தது. அங்கு வாங்கிய ஹென்றி ஸால்ட் என்பவரின் நூலைப் படித்தபின், தாய்க்காகக் காத்த விரதம் தம் சொந்தக் கொள்கையாயிற்று.

நமக்கு முக்கியமானது அதற்குப் பின் நடந்தது. அவர் செலவாகும் ஒவ்வொரு காசையும் எழுதினார். வண்டிக் கட்டணம், தபால் தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த சில்லறை எதையும் விடாமல் குறித்து, இரவு படுக்குமுன் கணக்கை நேர் செய்தார். அந்த ஏட்டைப் பார்த்தே செலவைக் குறைத்தார். இரண்டு அறைகளை விட்டு ஓர் அறைக்கு மாறினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே தயாரித்துக்கொண்டார். ஊரிலிருந்து தருவித்த இனிப்பையும் மசாலாவையும் நிறுத்தினார். வண்டியை விட்டு நடக்கத் தொடங்கி, நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடந்தார். அக்காலத்தில் தமக்கு நோய் வராததற்கு அந்த நடையே காரணம் என்று பிற்காலத்தில் கருதினார். கூட்டத்தில் எழுந்து பேச நா எழாத அந்த இளைஞர், லண்டன் சைவ உணவுச் சங்கத்தாரின் பத்திரிகையில் 1891-இல் இந்தியரின் உணவுமுறையைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். அவருடைய எழுத்து அச்சேறத் தொடங்கியது உணவைப் பற்றித்தான். 1942-இல் ஆகாகான் மாளிகையில் காவலில் இருந்தபோதும் ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார்.

உணவைப் பற்றிய அவருடைய சோதனைகள் யாவும் நமக்கு உகந்தவை என்று நான் சொல்லமாட்டேன். பலவற்றை அவரே பின்னர் மாற்றிக்கொண்டார். பின்பற்றத்தக்கது எழுதி, எழுதியதைப் பார்த்து, பார்த்ததன்படி மாற்றும் வழக்கமே.

எழுதாவிட்டால் என்ன, நினைவில்லையா என்று கேட்கலாம். உணவு விஷயத்தில் நினைவு நம்பத்தக்க சாட்சி அன்று. 1992-இல் அமெரிக்காவில், குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்று முறையிட்ட சிலரைச் சோதித்தார்கள். அவர்கள் உடலில் உண்மையில் எவ்வளவு சக்தி செலவாகிறது என்பதை விசேஷ முறையால் அளந்து ஒப்பிட்டபோது, அவர்கள் சொன்ன உணவின் அளவு உண்மையான அளவில் ஏறத்தாழப் பாதிதான் என்று தெரிந்தது. தேக உழைப்பையோ ஒன்றரை மடங்காகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்லர், மறந்தவர்கள். வாயில் போட்டுக்கொண்ட பிடி மிக்ஸரும், குழந்தை மீதம் வைத்த தோசையும் யார் கணக்கிலும் வருவதில்லை. 2008-இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழ 1,700 பேர் ஆறு மாதம் கவனிக்கப்பட்டனர். எல்லோருக்கும் ஒரே போதனைதான். அவர்களுள் தினமும் உண்டதை எழுதி வந்தவர்களுக்கு, எழுதாதவர்களைப்போல் இரு மடங்கு எடை குறைந்திருந்தது. எழுதியதாலேயே குறைந்ததா, ஒழுங்கு உடையவர்கள் எழுதினார்களா என்று வாதிக்க இடமுண்டு. ஆயினும் ஒன்றரை அணா பென்சிலுக்கு இதைவிடப் பெரிய வேலை கொடுப்பது கடினம்.

இனி, வடக்கே வாழும் தமிழர் வீடுகளில் ஓயாமல் நடக்கும் அரிசி, கோதுமை வழக்குக்கு வருவோம். சர்க்கரை கண்டது என்றதும், சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறுங்கள் என்று அண்டை வீட்டார் சொல்கிறார்கள். இந்த வழக்குக்கு ஒரு நூற்றாண்டு வயது. அது தொடங்கிய இடம் நம் நீலகிரி.

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் ராபர்ட் மக்காரிஸன் என்ற மருத்துவர் உணவுக் குறைபாட்டு நோய்களை ஆராயத் தொடங்கினார். அந்த அறையே வளர்ந்து உணவு ஆராய்ச்சிக் கூடமாகி, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயருடன் விளங்குகிறது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் தலைவராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். மக்காரிஸன் குன்னூரில் எலிகளைக் கூட்டங்கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்து வளர்த்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. மதராஸியின் உணவை உண்டவை கடைசியில் நின்றன!

இந்த முடிவைக் கேட்டு வெட்கப்படுவோரும் உண்டு, சினப்படுவோரும் உண்டு. இரண்டும் வேண்டியதில்லை, அந்தத் தட்டுகளில் என்ன இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். சீக்கியர் தட்டில் தவிடு நீக்காத கோதுமை ரொட்டியோடு பாலும் தயிரும் பருப்பும் புதிய காய்களும் இருந்தன. மதராஸியின் தட்டில் நன்றாகத் தீட்டிக் கழுவிய அரிசியே மிகுதி. பருப்பும் காயும் உண்டு, ஆனால் பால் என்பது பெரும்பாலும் காப்பியில் கலந்த அளவுதான். ஆக, தோற்றது அரிசி மட்டும் அன்று; அரிசியைச் சுற்றி இருந்த வறுமையும் தோற்றது. அரிசியிலேயே வேறுபாடு உண்டு என்பதும் அக்காலத்து ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. தீட்டிய பச்சரிசியை உண்ட கடற்கரை ஆந்திர மாவட்டங்களில் பெரிபெரி நோய் பரவியிருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் அதனின்று பெரிதும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். நெல் அவித்த நம் பாட்டிமார்களுக்குச் சத்தின் பெயர் தெரியாது.

சரி, கோதுமைக்கு மாறினால் சர்க்கரை நோய் அடங்குமா? நீரிழிவுக் கணக்கை வெளியிட்ட அதே ஆய்வுக் குழுவினர் 2025-இல் இதற்கு விடை தந்தனர். இந்தியர் உண்ணும் சக்தியில் சராசரியாக நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. தீட்டிய தானியத்துக்குப் பதிலாக முழுக்கோதுமையையோ சிறுதானிய மாவையோ அதே அளவில் உண்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவில் ஒரு பகுதியைக் குறைத்து, அந்த இடத்தைப் பருப்பு வகைகளாலும் பால் பொருள்களாலும் நிரப்பியவர்களுக்கே அபாயம் குறைவாகக் காணப்பட்டது. இரண்டு கரண்டிச் சோற்றை விட்டு ஐந்து சப்பாத்தி உண்பவர், அண்டை வீட்டாரைத் திருப்தி செய்கிறாரேயன்றித் தம் உடலை அன்று.

எவ்வளவு என்ற கேள்விக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி விடை தருகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு, சமைக்காத எடையில் தானியங்கள் 250 கிராம், கீரை உட்படக் காய்கள் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு (புலால் உண்போருக்கு முட்டையும் இறைச்சியும் சேர்த்து) 85 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெயும் நெய்யும் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. இந்தப் பட்டியலை நம் வீட்டுத் தட்டோடு ஒப்பிடுங்கள். தானியத்தைவிடக் காய் அதிகம் என்பதுதான் முதல் அதிர்ச்சி. சாம்பாரில் மிதக்கும் நான்கு முருங்கைத் துண்டுகளை நாம் காய் என்று கணக்கெழுதி வந்திருக்கிறோம்.

இவற்றைத் தினமும் தராசில் நிறுக்க யாராலும் ஆகாது, தேவையும் இல்லை. மளிகைக் கணக்கே போதும். ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 27 கிராம் எண்ணெய் என்றால் மாதம் 810 கிராம். நால்வர் உள்ள வீட்டுக்கு, நெய்யும் சேர்த்து மாதம் மூன்றரை லிட்டருக்குள் அடங்க வேண்டும். உப்பு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் ஆகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அப்படியானால் ஒரு கிலோ உப்பு நால்வருக்கு ஐம்பது நாள் வரவேண்டும். ஊறுகாய், அப்பளம், வற்றல், கடையில் வாங்கும் காராபூந்தி இவற்றில் உள்ள உப்பையும் சேர்த்தால் இன்னும் நீள வேண்டும். சர்க்கரைக்கு அதே நிறுவனம் சொல்லும் நல்ல அளவு 25 கிராம், அதாவது ஏறத்தாழ ஆறு சிறு கரண்டி. இரண்டு கரண்டி வீதம் நான்கு கோப்பை தேநீர் குடித்தவர் மாலைக்குள்ளேயே அதைக் கடந்துவிட்டார். உங்கள் வீட்டில் ஒரு பொட்டலம் உப்பு திறந்த தேதியையும் முடிந்த தேதியையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். மாத முடிவில் இரத்த அழுத்தத்தின் காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிராது.

காய் அதிகம் உண்ண வேண்டுமென்றால், இங்கு எந்தக் காய் எந்தப் பருவத்தில் மலிவு என்பது தெரிய வேண்டும். இதில் நம்மவர் பெரும் நஷ்டம் அடைகிறார்கள். ஊர்க் காயைத் தேடி, வாடிய கத்தரிக்காயை அதிக விலைக்கு வாங்குவார்கள்; பக்கத்துக் கடையில் குவிந்துள்ள பதுவாக் கீரையை ஏறிட்டும் பாரார்கள். பதுவா வேறொன்றுமன்று, நம் சக்கரவர்த்திக் கீரைதான். வெயில் காலத்தில் தில்லியில் குல்பா என்று விற்பது நம் பருப்புக்கீரை. சௌலாயி முளைக்கீரை இனம். லௌக்கி சுரை, தோரி பீர்க்கு, அர்பி சேம்பு, ஜிமிகந்த் சேனை. பாலக்கை நம்மவர் எல்லோரும் பசலை என்கிறார்கள். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர் இதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியாது. ஊரில் வேலியில் ஏறும் சதைப்பற்றான கொடிப்பசலை வேறு செடி. அதைக் கொல்கத்தாவில் பூய் என்றும், மும்பையில் மாயாளு என்றும் கேட்டு வாங்கலாம். கேழ்வரகு மும்பைக் கடைகளில் நாச்னி, கட்வால் மலைப்பக்கத்தில் மண்டுவா. கம்பு எங்கும் பாஜ்ரா. குறிப்பேட்டின் பின்பக்கங்களில் இப்படி ஓர் அகராதி எழுதிவந்தால் ஓர் ஆண்டில் நூறு பெயர்கள் சேரும். எந்த மாதம் எது, என்ன விலை என்றும் பக்கத்தில் குறித்தால், அடுத்த ஆண்டு அது உங்கள் ஊர்ப் பஞ்சாங்கம் ஆகிவிடும்.

எழுத்தைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். உணவைத் தமிழில் எழுதியதால் ஒரு பெண்மணி செய்த பெருங்காரியம் நம் காலத்து வரலாறு. எஸ். மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். சமையலில் தேர்ந்த அவரிடம் உறவினர் கடிதம் எழுதிச் செய்முறை கேட்பதும், அவர் விவரமாகப் பதில் எழுதுவதும் வழக்கமாயிருந்தன. இதையே நூலாக்கினால் என்ன என்று உறவினர் கே. வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் தூண்டியதன் பயனாக 1951-இல் 'சமைத்துப் பார்' வெளிவந்தது. பின்னர் வேறு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. எத்தனையோ வீடுகளில் கல்யாணமாகி அயலூர் போகும் பெண்ணின் பெட்டியில் அந்த நூலும் போயிற்று. சொல்லிக் கொடுக்கப் பக்கத்தில் மாமியாரும் தாயும் இல்லாத இடத்தில் அளவோடு எழுதிய எழுத்தே துணையாக நின்றது.

உங்கள் வீட்டிலும் அச்சேறாத ஒரு மீனாட்சி அம்மாள் இருக்கக்கூடும். அவர் எழுபது வயதைக் கடந்திருக்கலாம். ஊரிலிருந்து இரண்டு மாதம் தங்க வரலாம். எப்படிச் செய்வது என்று கேட்டால், கண்ணளவாகப் போட வேண்டியதுதான் என்பார். அதோடு விட்டுவிடக் கூடாது. அவர் உப்பைப் பாத்திரத்தில் போடுமுன் ஒரு தட்டில் போடச் சொல்லி அதைக் கரண்டியால் அளந்துகொண்டு, பிறகு பாத்திரத்தில் சேருங்கள். புளியை உருட்டியவுடன் சமையல் தராசில் வையுங்கள். முதலில் சிரிப்பார், பிறகு சலித்துக்கொள்வார், மூன்றாம் நாள் தாமே தட்டை நீட்டுவார். அவர் சொல்லும் சொற்களை மாற்றாமல் எழுதுங்கள். பச்சை வாசனை போக, நுரை கூடி வரும்போது, கரண்டியில் ஒட்டாத பதத்தில் என்பவை போன்ற சொற்களுக்கு ஈடான ஹிந்திச் சொல் தேடி நான் பலமுறை தோற்றதுண்டு. தமிழ் எழுதத் தெரியாமல் வளரும் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கவும் இதைவிட ருசியான பாடம் கிடையாது. பாட்டி சொல்ல, பேத்தி எழுதட்டும். எழுத்துப் பிழையைத் திருத்துகிற சாக்கில் நீங்களும் சில வரிகள் எழுதுவீர்கள்.

தினக் குறிப்புக்கு ஐந்து வரி போதும். உண்ட நேரம், பண்டம், அளவு, எங்கே யாருடன், நடந்த நிமிஷம். அளவை இட்லிக்கு எண்ணிக்கையாகவும், சாதத்துக்கு வீட்டிலுள்ள ஒரே கிண்ணத்தாலும் குறிக்கலாம். யாருடன் என்பது வேடிக்கைக்காக அன்று. என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் இரண்டு மாதம் எழுதிப் பார்த்ததில், தாம் தனியே உண்ணும் நாள்களில் அளவோடு இருப்பதையும், ஒரு குறிப்பிட்ட மேஜைக்குப் போகும் நாள்களில் பொரித்த பண்டம் தவறாமல் வருவதையும் கண்டார். நட்பை விடவில்லை, வறுத்த கடலையைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்.

நடையைப் பற்றி ஒரு வார்த்தை. வாரத்தில் 150 நிமிஷமேனும் சுறுசுறுப்பான நடை வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊர்ப் பழக்கத்தின்படி விடியற்காலையில் நடப்பவர்கள் தில்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். குளிரால் புகை தரையோடு படிந்து நிற்கும் நேரம் அது. பிற்பகல் வெயிலில் காற்று சற்றுத் தெளிந்திருக்கும். காற்று மிக மோசமான நாள்களில் வீட்டுக்குள் மாடிப்படி ஏறி இறங்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம், அதையும் எழுதலாம்.

எழுதத் தவறிய நாளை வெறுமனே விட்டுவிடுங்கள். பின்னோக்கி நினைத்து நிரப்பினால் அந்த அமெரிக்கர்களின் கணக்கைப்போல் ஆகிவிடும். விருந்துண்ட நாளை மறைக்கவும் வேண்டாம். ஏடு உங்களுக்காக, மேலதிகாரியின் பார்வைக்காக அன்று. எடையை வாரத்தில் ஒரே கிழமை, காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். தினமும் பார்ப்பவர்கள் நீரின் ஏற்றத்தாழ்வைக் கண்டு மனம் சோர்வார்கள்.

நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் உணவைத் திடீரென்று குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு பழைய உணவுக்கு ஏற்றதாகையால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். மருத்துவரிடம் கேட்டே மாற்ற வேண்டும். அவரிடம் போகும்போது குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். இங்கே அவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. ஆகவே மாதக் கடைசியில் ஒரு பக்கத்தை ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதிக்கொள்ள வேண்டும். நான்கு வாரத்து எடை, இரத்த அழுத்தம், உண்ணுமுன்னும் உண்டபின்னும் எடுத்த சர்க்கரை அளவு, வழக்கமாக உண்ணும் மூன்று வேளைப் பண்டங்கள், தலைசுற்றலோ வியர்வையோ வந்த நாளும் மணியும் அதில் இருந்தால் போதும். உப்புமா என்று மட்டும் எழுதினால் வடக்கத்திய மருத்துவருக்குப் புரிந்துவிடும். அடை, கொழுக்கட்டை என்றால் எந்த மாவு, எத்தனை என்று சேர்த்து எழுத வேண்டும். மருந்துகளின் பெயரை மட்டும் உறையில் உள்ளபடியே ஆங்கில எழுத்தில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.